டயல் போன் வாங்கும் முன் லைனைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, அதோடு ஒரு லேண்ட்லைன் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். கூடத்தில் பழைய காலத்து டயல் போன் ஒன்று வைக்க ஆசை. வெறும் அலங்காரமாக இல்லாமல் தினமும் பேசவும் வேண்டும், காதுக் கருவி வைத்திருக்கும் அப்பாவும் அதில்தான் பேசுவார். அசல் பழைய போனைத் தேடி வாங்குவதா, பழைய தோற்றத்தில் இப்போது தயாராகும் புதுப் போனை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன்: வாங்கி வந்து மாட்டினால் அது மணியடிக்குமா, டயலைச் சுழற்றினால் எண் போகுமா, பேச்சு தெளிவாகக் கேட்குமா? இந்த மூன்றுக்கும் போனைப் பார்த்து மட்டும் யாராலும் பதில் சொல்ல முடியாது. பாதிப் பதில் உங்கள் வீட்டு லைனில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலும், அப்புறம் போன் பழுதுபார்க்கும் மேசையிலும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். என்னிடம் வரும் பழைய போன்களில் பலவற்றில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. அவற்றை மாட்டிய லைனுக்குத்தான் அவற்றின் பாஷை தெரியவில்லை.

அந்தக் காலத்துச் செம்புக் கம்பி லைன் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ரிசீவர் கீழே இருக்கும்போது எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு கம்பிகளில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். ரிசீவரை எடுத்ததும் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் மூடி, 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயும். போனின் முனைகளில் மின்னழுத்தம் பெரும்பாலும் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ‘இந்த வீட்டில் போனை எடுத்துவிட்டார்கள்’ என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவது இதனால்தான். அழைப்பு வரும்போது மட்டும் அதே கம்பிகளில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் வரும், நொடிக்கு 20 அல்லது 25 சுற்று வேகத்தில். மணியின் சுத்தியலை ஆட்டுவது அது. மைக்குக்கும் மணிக்கும் தேவையான மின்சாரம் முழுவதும் லைனிலேயே வந்ததால் பழைய போனுக்குத் தனி பிளக்கோ பேட்டரியோ தேவைப்படவில்லை.

ஃபைபரில் மின்சாரம் வராது, ஒளிதான் வரும். ஆகவே உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் மோடமோ ரவுட்டரோ ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடிக்கிறது. அதன் பின்புறம் ‘போன்’ அல்லது ‘டெல்’ என்று குறித்த சிறிய ஜாக் இருந்தால் போனை அங்கே மாட்ட வேண்டும். அப்படி ஒரு ஜாக் இல்லை என்றால், சேவை தருபவரின் அனுமதியோடு ஒரு தனி அடாப்டர் போட வேண்டியிருக்கும். அடாப்டர் வாங்கும்போது ‘எஃப்எக்ஸ்எஸ்’ துளை இருக்கிறதா என்று கேளுங்கள். போனுக்கு மின்சாரம் தருவது அந்த வகை. ‘எஃப்எக்ஸ்ஓ’ என்பது எக்ஸ்சேஞ்ச் லைனை மாட்டும் துளை, அதில் போன் பேசாது. இன்னொன்று: போன் பிளக் சின்னது என்பதால் பக்கத்தில் இருக்கும் நெட்வொர்க் துளையிலும் நுழைந்துவிடும். அங்கே மாட்டாதீர்கள். நெட்வொர்க் துளை போன் மின்னழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

இப்போது டயல். ஆசையோடு வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அசல் டயல் போன் எண்ணைத் துடிப்பாக அனுப்புகிறது. 5-ஐச் சுழற்றி விட்டால், டயல் திரும்பி வரும்போது லைனை ஐந்து முறை வெட்டி வெட்டிச் சேர்க்கும், நொடிக்கு 10 வெட்டு என்ற கணக்கில். சுழியத்துக்குப் பத்து வெட்டு. ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வழியில் வந்த இயந்திரங்கள், இந்த வெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணித்தான் படி ஏறின. உலகம் முழுக்க ஒரே வரிசை என்றும் நினைக்க வேண்டாம். நியூசிலாந்து டயல்களில் எண்கள் தலைகீழாக இருக்கும். ஸ்வீடனில் சுழியத்துக்கு ஒரே ஒரு துடிப்புதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் போன்களில் இதைக் கவனியுங்கள், தட்டில் எண்கள் எங்கே தொடங்குகின்றன என்பதைப் படத்திலேயே பார்த்துவிடலாம். பொத்தான் போன் 1963-இல் அமெரிக்காவில் வந்தபோது முறையே மாறியது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்பும். 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் ஒன்றாகக் கேட்கும். இன்றைய ரவுட்டர்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒலி புரியும். துடிப்பு பலவற்றுக்குப் புரியாது. சிலவற்றில் வசதி இருந்தும் அமைப்புகளில் அணைத்து வைத்திருப்பார்கள்.

உங்கள் ரவுட்டர் எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அதற்குத் துடிப்பு புரியுமா என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போன் வாங்கும் முன்பே நீங்களே சோதித்துவிடலாம். சாதாரணப் பொத்தான் போன்கள் பலவற்றின் பக்கவாட்டிலோ அடியிலோ பல்ஸ் (துடிப்பு), டோன் (ஒலி) என்று மாற்றும் சிறு ஸ்விட்ச் இருக்கும். யாரிடமாவது அப்படி ஒரு போனைக் கடன் வாங்கி, பல்ஸில் வைத்து, ஓர் எண்ணை அழுத்துங்கள். டிக்டிக்டிக் என்று சத்தம் கேட்டு டயல் டோன் நின்றுவிட்டால் ரவுட்டருக்குத் துடிப்பு தெரியும், முழு எண்ணையும் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் டயல் டோன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் தெரியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலோ சேவை மையத்திலோ ‘பல்ஸ் டயலிங்’ என்று கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால், துடிப்பை ஒலியாக மாற்றும் சிறிய மின்னணுக் கருவிகள் கிடைக்கின்றன. சில போனுக்குள்ளேயே அடங்கும், சில போனுக்கும் ஜாக்குக்கும் நடுவில் உட்காரும். எனக்குப் பிடித்தது நடுவில் உட்கார்வது. நாளைக்கு மனசு மாறினால் கழற்றிவிடலாம், போனின் உள்ளே கத்தி வைக்க வேண்டியதில்லை.

துடிப்பு வேலை செய்தாலும் ஒரு குறை மிஞ்சும். ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று பதிவுக் குரல் கேட்கும் இடங்களில் டயல் போனால் பதில் சொல்ல முடியாது. நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் டயலில் கிடையாது. நடுவில் போடும் கருவிகளில் சில இதற்கும் வழி வைத்திருக்கின்றன, வாங்கும்போது கேளுங்கள். அழைப்புகளை எடுக்க மட்டும், தெரிந்தவர்களைக் கூப்பிட மட்டும் என்றால் இது பெரிய விஷயமே இல்லை. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் இந்தப் போனிலிருந்துதான் பேசுவீர்கள் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

மணிக்கு வருவோம். பழைய போனை நான் விரும்புவதற்கு முதல் காரணம் அதன் மணிதான். இரண்டு உலோகக் கிண்ணங்கள், நடுவே ஒரு சுத்தியல், அதை ஆட்டும் செம்புச் சுருள். கிண்ணங்கள் இரண்டும் கொஞ்சம் வேறு வேறு சுருதியில் இருப்பதால் அந்த ஒலி பக்கத்து அறையையும் தாண்டிப் போகும், ஆனால் காதைக் குத்தாது. இந்த மணியை ஆட்டச் சக்தி வேண்டும். ஒரு போன் லைனிலிருந்து எவ்வளவு சுமை கேட்கிறது என்பதை ‘ஆர்இஎன்’ என்ற எண்ணால் குறிப்பார்கள். அசல் இயந்திர மணி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 1 என்று வைத்துக்கொள்ளலாம். செம்பு லைன் பொதுவாக மொத்தம் 4 அல்லது 5 வரை தாங்கியது. அடாப்டர்கள் எவ்வளவு தாங்கும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். சிறிய பெட்டிகள் பல, எக்ஸ்சேஞ்ச் தந்ததைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில்தான் மணியடிக்கும். அதனால் ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று அசல் போன்களை மாட்டினால் எல்லாம் சோர்ந்து முனகும்.

ஒரே போன் மாட்டியும் மணி சோம்பலாக அடித்தால் உடனே போனைக் குறை சொல்ல வேண்டாம். அடாப்டரின் அமைப்பில் மணியின் வேகம் 20 ஹெர்ட்ஸா 25 ஹெர்ட்ஸா என்று மாற்ற முடிந்தால் மாற்றிப் பாருங்கள். அப்புறம் போனைத் திறந்தால் சுத்தியலோடு இணைந்த ஒரு மெல்லிய ஸ்பிரிங் தெரியும். டயல் சுழலும்போது மணி டிங் டிங் என்று தானாகத் தட்டாமல் இருக்க வைத்த ஸ்பிரிங் அது. பல மாடல்களில் அதை இறுக்கமான பள்ளத்திலிருந்து தளர்ந்த பள்ளத்துக்கு நகர்த்தினால், பலவீனமான மின்சாரத்திலும் மணி உயிர் பெறும். அதற்கு விலையாக டயல் செய்யும்போது லேசாக டிங் என்று கேட்கலாம். பிரிட்டனில் பயன்பட்ட போன் என்றால் இன்னொரு விஷயம்: அங்கே மணிக்கான மின்தேக்கி (கெப்பாசிட்டர்) சுவர் சாக்கெட்டுக்குள் இருக்கும், மணிக்கென்று மூன்றாவது கம்பி வரும். அந்த முறைக்கு மாற்றப்பட்ட போனை இரண்டு கம்பி லைனில் நேராக மாட்டினால் பேசலாம், மணியடிக்காது. மின்தேக்கி உள்ள மாற்று பிளக் போட்டால் சரியாகிவிடும்.

இனி பேச்சு. அசல் பழைய போன்களின் மைக்கில் கரித்துகள்கள் இருக்கும். குரல் பட்டு ஒரு மெல்லிய தகடு அதிர, துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை மாற்றும். எளிய, உறுதியான ஏற்பாடு; ஆனால் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் துகள்கள் கட்டியாகிவிடும். குரல் மங்கலாகவோ கரகரப்பாகவோ போனால், ரிசீவரை மைக் பக்கம் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். ஈரம் ஏறிய மைக் தேறாது, அதே அளவில் வரும் புதிய மின்னணு மைக்கைப் போட்டுவிடலாம். பழைய போனில் குரல் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று பலர் சொல்வார்கள். இதில் எவ்வளவு போன், எவ்வளவு நினைவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பழைய தொலைபேசிப் பேச்சு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கியது, பழைய ரிசீவர் அந்த எல்லைக்காகவே செய்யப்பட்டது. அது வாயையும் காதையும் சரியான தூரத்தில் பிடித்து வைக்கும். நம் குரலும் கொஞ்சம் நம் காதில் திரும்பி விழும், அதனால் யாரும் கத்திப் பேசுவதில்லை. தோளில் இடுக்கிக்கொண்டு அரை மணி நேரம் பேச முடிகிற கருவி அது.

அப்பாவின் காதுக் கருவியைப் பற்றி. அதில் ‘டெலிகாயில்’ என்ற வசதி இருக்கிறதா என்று அதைப் பொருத்திய நிபுணரிடம் கேளுங்கள். பழைய ரிசீவர்களில் இருக்கும் காந்தச் சுருள், தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும்; டெலிகாயில் அதை நேரடியாகப் பிடித்துக் குரலாக மாற்றும், அறையின் இரைச்சல் நடுவில் வராது. புதிய போன்களில் எல்லாம் இது இருக்கும் என்று சொல்ல முடியாது, ‘காதுக் கருவிக்கு ஏற்றது’ என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும், முடிந்தால் அப்பாவையே கடைக்கு அழைத்துப் போய் அந்தப் போனில் ஒருமுறை பேச வையுங்கள். நான் விவரிப்பதைவிட அது நம்பகமானது. அசல் பழைய போன்கள் பெரும்பாலானவற்றில் ஒலியைக் கூட்டும் வசதி இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய தோற்றத்தில் வரும் புதியவற்றில் தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. சிலவற்றில் டயல் மாதிரி தெரிவது வட்டமாக அடுக்கிய பொத்தான்கள்தான். அவை ஒலியை அனுப்புவதால் உங்கள் ரவுட்டரில் சிக்கலில்லாமல் வேலை செய்யும். சிலவற்றில் டயல் நிஜமாகவே சுழலும், ஆனால் உள்ளே மின்னணுப் பலகை அதை ஒலியாக மாற்றும். சிலவற்றில் சுழன்றாலும் துடிப்பை மட்டுமே அனுப்பும். இதை விற்பவரிடம் நேராகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். மணியும் அப்படித்தான்: வெளியே கிண்ணம் தெரிந்தாலும் உள்ளே ஒரு சிறு ஒலிபெருக்கி கிணுகிணுக்கும் மாடல்கள் உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் கனமாக இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், அடியில் இரும்புத் தகடு வைத்து எடை ஏற்றுவது சகஜம். ரிசீவர் எடையைப் பாருங்கள், எடுத்து வைக்கும்போது கொக்கி எவ்வளவு திடமாக இறங்குகிறது என்று பாருங்கள். டயல் எண்ணுக்கு எண் ஒரே வேகத்தில் திரும்புகிறதா என்று கேளுங்கள். பித்தளையும் மரமும் செதுக்கு வேலையுமாக அரண்மனைப் பொருள் போல வருபவை பெரும்பாலும் எந்த நிஜ மாடலின் நகலும் அல்ல. பிடித்திருந்தால் வாங்கலாம், பழமைக்காக அதிக விலை தர வேண்டாம்.

அசலைத் தேடுகிறீர்கள் என்றால் சில வடிவங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நார்வே ஓவியர் ஷான் ஹைபெர்க் உருவம் கொடுத்து எரிக்சன் நிறுவனம் கொண்டுவந்த, பேக்கலைட் என்ற பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்பு போன் 1930-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பல நாடுகளின் போன்கள் அதன் சாயலில் வந்தன. அமெரிக்காவில் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 302 1937-இலும், அதன் பின்னால் 500 மாடல் 1940-களின் இறுதியிலும் வந்தன. இந்த 500-ஐ நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். வாடகைக்கு விடுவதற்காகச் செய்தது, அதனால் எளிதில் உடையாது. பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. அதன் பாகங்கள் பலவற்றில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். எல்லாத் தேதியும் ஒட்டி வந்தால் கலப்படம் இல்லாத போன் என்று அர்த்தம். பேச மட்டும் வேண்டும் என்பவருக்குக் கலப்படம் ஒரு குறையே இல்லை.

படத்தைப் பார்த்து வாங்குவதில் ஓரளவுக்கு மேல் தெரியாது. விற்பவரிடம் ஒரு சின்னக் காணொளி கேளுங்கள்: சுழியத்தைச் சுழற்றி விடும்போது டயல் சுமார் ஒரு நொடியில், தயங்காமல் திரும்ப வேண்டும். இரண்டு நொடி இழுத்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. சுத்தம் செய்தால் சரியாகும், ஆனால் எண்ணெய் தெளித்து முடிக்கிற வேலை அல்ல. தெளிக்கிற எண்ணெய் தூசியைப் பிடித்து இன்னும் மோசமாக்கும். ஒயரின் உறை வெடித்திருந்தால் ஒயரை மாற்றச் செலவாகும் என்று பேரம் பேசுங்கள். பேக்கலைட் உடலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று அடிப்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பேக்கலைட் சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கிறது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முழுசாக இருக்கும்வரை பயமில்லை, ஆனால் துளையிடவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ கூடாது. துடைக்க ஈரத்துணியும் ஒரு சொட்டு மென்சோப்பும் போதும். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள். பேக்கலைட் மங்கிப்போகும், வெளிர் நிறப் பிளாஸ்டிக் மஞ்சளாகும்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு என் யோசனை இது. துடிப்புச் சோதனை தேறினால் அசலையே வாங்குங்கள், பழுதுபார்த்துச் சோதித்து விற்பவரிடம், திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு. தேறாவிட்டாலும் ஒரு மாற்றுக் கருவியின் செலவைச் சேர்த்துப் பார்த்துக் கட்டுப்படியானால் அசல்தான் என் தேர்வு. அப்பாவுக்கு ஒலி கூட்டும் வசதி கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் நல்ல புதிய போன், அதுவும் நிஜ மணி உள்ளது. வைக்கும் இடம் நாற்காலிக்குப் பக்கத்தில், உட்கார்ந்து பேசும் உயரத்தில் இருக்கட்டும். சுருள் ஒயர் முறுக்கிக்கொண்டால் ரிசீவரைத் தொங்கவிடுங்கள், தானே சுற்றி அவிழ்ந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: டயலைத் தடுப்புவரை சுழற்றியதும் விரலை எடுத்துவிட வேண்டும், கூடவே பிடித்துத் தள்ளித் திருப்பினால் துடிப்பின் வேகம் கெட்டு வேறு எண் போகும்.

பாதுகாப்பில் மூன்று விஷயங்கள் நிச்சயமானவை. போனைத் திறக்கும் முன் ஜாக்கிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். திறந்திருக்கும்போது அழைப்பு வந்தால் மணி மின்சாரம் நல்ல உதறு உதறும். இடியும் மின்னலுமாக இருக்கும்போது ஒயர் உள்ள எந்தப் போனிலும் பேசாதீர்கள், வெளியிலிருந்து செம்புக் கம்பி வரும் வீடுகளில் கண்டிப்பாக. மூன்றாவது, கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும் என்ற பழைய நம்பிக்கை ஃபைபரில் செல்லாது. ரவுட்டர் அணைந்தால் போனும் அணையும். வயதானவர் இருக்கும் வீடு என்பதால் ரவுட்டருக்கும், தனியாக இருந்தால் ஃபைபர் வந்து சேரும் சிறு பெட்டிக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். மாட்டிய அன்றே மெயின் ஸ்விட்சை அணைத்து, டயல் டோன் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.